மக்டலீனின் கண்ணாடியும் ஐந்து சன்னங்களும்

1

இந்தக் கதை ஒளித்துப் பார்த்ததில் பிறந்தது. வெட்கமாக இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய் மத்தியானம் குருநகரில் எங்கள் கோயில் வளவுக்குள்ளால் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். திருவிழாவுக்கு முந்திய ஒன்பது நாள் செபம், நவநாள், தொடங்கிவிட்டதால் கடைகள் போட்டிருந்தார்கள். பலூன் சுடுகிற கடையின் கான்வாஸ் படங்கு பாதி இறக்கியிருந்தது. உள்ளே என் பக்கத்து வீட்டுச் செபநாயகம் அண்ணை துவக்கும் கையுமாக நின்றார். மூக்கில் அவருடைய மனைவி மக்டலீனின் வாசிக்கிற கண்ணாடி. றோஸ் நிறச் சட்டம், இரண்டு பக்கமும் மினுங்குகிற கல். ஐந்து சன்னம் சுட்டார், ஐந்து பலூன் வெடித்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றி, அக்கம்பக்கம் பார்த்து, சட்டைப் பைக்குள் ஒளித்தார்.

நாற்பது வருடம் கடலில் நின்ற மனிதர் அந்தக் கோலத்தில் நின்றதைக் கண்டால் நீங்களும் எழுதத்தான் செய்வீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

அவன் துவக்கைத் தூக்கினான். எதிரே –

கிழித்துவிட்டேன். யாழ்ப்பாணத்துக் கதையில் ஒருவன் துவக்கைத் தூக்கினால் வாசகர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார். எந்த ஆண்டு, எந்தப் பக்கம், செத்தது யார் என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார். தயவுசெய்து சாய்ந்து உட்காருங்கள். இது காற்றுத் துவக்கு. திருவிழாவுக்குத் திருவிழா கடை போடுகிற கனிசியசின் சொத்து. செபநாயகம் அண்ணையின் கைக்கு வரும்வரை இதற்குப் பலியானவை பலூன்களும், கனிசியசின் தேநீர்க் கோப்பை ஒன்றும் மட்டுமே.

இரண்டாவது தொடக்கம்: முதுமை என்பது முதலில் கண்ணில்தான் –

இதையும் முடிக்கவில்லை. முடித்திருந்தால் நீங்கள் எழும்பிப் போயிருப்பீர்கள்.

3

விசயம் இதுதான். போன மாதம் செபநாயகம் அண்ணை படகில் இருந்த ஜீபிஎஸ் கருவியில் மூன்றை எட்டு என்று வாசித்து, வேறொருவருடைய வலைக்கு மேலால் படகை ஓட்டிவிட்டார். வலை எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. மகன் றஜிந்தன் அரை நாள் தண்ணீருக்குள் நின்று அதை வெட்டி எடுத்தான். கரைக்கு வந்ததும், அப்பா இனிக் கடலுக்கு வரவேண்டாம், கண் சரியில்லை என்றான். கண் ஆஸ்பத்திரிக்காவது போய்க் காட்டச் சொன்னான். அங்கே எழுத்துத்தானே வாசிக்கச் சொல்வார்கள், கடலில் எங்கே எழுத்து இருக்கிறது என்று தகப்பன் கேட்டார்.

மூன்று நாள் சண்டைக்குப் பிறகு ஓர் உடன்பாடு வந்தது. திருவிழா அன்று பின்னேரம் ஆறு மணிக்கு, கனிசியசின் கடையில், எல்லோருக்கும் முன்னால் ஐந்து சன்னம். மூன்று பட்டால் அவர் படகில் ஏறலாம். படாவிட்டால் கரையில் இருந்து கிழிந்த வலை பொத்தவேண்டும். சனம் கூடும் என்ற சந்தோசத்தில் கனிசியஸ் ஒரு சலுகை கொடுத்தான்: சுடுகிற சாமானை அவரே கொண்டுவரலாம், ஆனால் சோசரை விடப் பெரிதாக இருக்கக்கூடாது. மகனும் ஒரு சலுகை கொடுத்தான்: வேண்டுமானால் கண்ணாடி போட்டுக்கொண்டே சுடலாம்.

அந்தக் கடைசிச் சலுகைதான் அவரைக் கொன்றுவிட்டது. ஊர் பார்க்கக் கண்ணாடி போடுவதற்குப் பதிலாக நல்ல சாமானாகத் தேடுவது என்று முடிவெடுத்தார்.

4

[இந்தப் பகுதி கொஞ்சம் கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.]

துவக்கின் பின்பக்கம் ஒரு வெட்டு, குழாயின் நுனியில் ஒரு சின்ன முள், எதிரே சுடவேண்டிய சாமான். மூன்றும் ஒரே கோட்டில் வரவேண்டும். வயது போன கண்ணுக்குத் தூரத்துச் சாமான் பளிச்சென்று தெரியும், முள் புகையாகிவிடும், வாசிக்கிற கண்ணாடி போட்டால்தான் கூராகும். கனிசியஸ் சொல்லிக் கொடுத்தான்: முள்ளைக் கூராகப் பார், சாமான் மங்கினால் மங்கட்டும். செபநாயகம் அண்ணைக்கு அது ஏறவில்லை. கடலில் அவர் இடம் பிடிப்பது கரையில் உள்ள பனையையும் அதற்குப் பின்னால் கோயில் கோபுரத்தையும் ஒரு கோட்டில் வைத்து. கண் எப்போதும் கோபுரத்தில்தான்.

“தூரத்திலை நிக்கிறதை மங்கலா விட்டவன் கரைக்கு வந்து சேந்ததா நான் கேள்விப்படேல்லை” என்றார்.

முதலில் கறுப்புப் போத்தல் மூடி கொண்டுவந்தார். கறுப்பு முள் கறுப்பு மூடிக்குள் போய்த் தொலைந்தது. அடுத்தது வெள்ளைச் சோசர். அது நன்றாகத் தெரிந்தது, ஆனால் அதன் எந்தப் பக்கத்தைக் குறிவைக்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. (கடைசிச் சன்னம் பட்டது. மக்டலீனின் ஆறு சோசர்களில் இப்போது ஐந்து.) செவ்வரத்தம்பூ மத்தியானம் எரிகிற சிவப்பாக இருந்தது, பின்னேரம் எரியப்போகிற ரியூப் லைற்றைப் போட்டுப் பார்த்ததும் மண்ணிறமாகிவிட்டது. கடைசியில் வலையில் கட்டுகிற செம்மஞ்சள் மிதப்பு ஒன்றைப் பாதியாக அறுத்து, வெள்ளை மட்டையில் ஒட்டினார். புகையாகத் தெரிந்த முள்ளுக்குக்கூட வெள்ளையில் ஓர் உருவம் கிடைத்தது.

கண்ணாடி இல்லாமல், ஐந்துக்கு இரண்டு. மறுநாளும் இரண்டு. அதற்கு அடுத்த நாளும் இரண்டு.

(மூன்று மத்தியானமும் நான் எங்கே நின்றேன் என்று கேட்காதீர்கள்.)

5

மக்டலீனை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ‘கணவனின் வெற்றிக்காக அவள் உள்ளம் உருகி’ என்று ஒரு வசனம் எழுதி, வெட்டிவிட்டேன். (‘அவள்’ என்று எழுதுவது கதைக்குள் மட்டும்தான். நேரில் அப்படிச் சொல்கிற துணிச்சல் எனக்கில்லை.) உண்மையான மக்டலீன் ஒரு கிழமையாகக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். நவநாள் புத்தகத்தை வாசிக்க முடியாமல் குத்துமதிப்பாக வாயை அசைத்தாள். பேப்பர் இரவல் வாங்குகிறவன் என்பதால் என்னிலும் அவளுக்குச் சந்தேகம்.

அதனால் எழுதியதைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் அவளால் எப்படி வாசிக்க முடியும்? நானே வாசித்தேன், முதலாம் பகுதியை விட்டுவிட்டு.

“முன்னுக்கு ஒரு தாளைத் தள்ளிவிட்டியள், அண்ணை” என்றாள் என்னிடம்.

வாசித்தேன். றோஸ் கண்ணாடி வந்த இடத்தில் கண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். அவர் சுடத் தவறவேண்டும் என்றுதான் இந்த நவநாள் முழுக்க மன்றாடுகிறேன் என்றாள். விடிய இரண்டு மணிக்கு அவர் போனால், எஞ்சின் சத்தம் திரும்பிக் கேட்கும் வரைக்கும் அவளுக்கு நித்திரை இல்லை. நாற்பது வருடமாக இல்லை. இனியாவது படுத்து நித்திரை கொள்ளவேண்டும் என்றாள்.

எழும்பிப் போனவள் வாசலில் நின்று கேட்டாள்.

“ஐஞ்சும் பட்டதோ?”

“ஓம், ஐஞ்சும்.”

அந்த முகத்தில் வந்த பெருமையை எழுதுமளவுக்கு எனக்கு எழுத்து வராது.

அன்றைக்கே அவர் குளிக்கப் போன நேரம் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துவிட்டாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. என்னவென்று கேட்பார்?

6

நாளைக்குத் திருவிழா. ஆகவே எனக்கும் முடிவு தெரியாது.

முடிவு ஒன்று: மிதப்பில் மூன்று படுகிறது. (அதிர்ஷ்டத்தில் முடிகிற கதையை மற்றவர்கள் எழுதினால் நான் திட்டுவேன்.)

முடிவு இரண்டு: இரண்டு படுகிறது. அவர் கரையில் இருந்து வலை –

முடிவு மூன்று: நான்கு சன்னம் முடிந்துவிட்டது. பட்டது இரண்டு. செபநாயகம் அண்ணை கண்ணைக் கசக்குகிறார். கூட்டத்தின் முன் வரிசையில் மக்டலீன், கைக்குள் கண்ணாடி. நீட்டினால் அவர் போடுவார், அவள் நீட்டினால் போடுவார் என்றுதான் நினைக்கிறேன். போட்டால் தவறாது. தவறாவிட்டால் அவளுக்கு மறுபடியும் நித்திரை இல்லை.

இந்த இடத்தில் என் பேனை நின்றுவிட்டது. இனி நீங்கள்தான் எழுதவேண்டும். ஒரு விசயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்று காலை வேலிக்கு மேலால் மக்டலீனிடமே கேட்டேன்.

“அவர் கேட்டால் குடுப்பன்” என்றாள்.

அவர் கேட்கமாட்டார். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கேட்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.