நடுவர் அடித்த கோல்

என் மனைவி வினோலியா விசில் வாங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் குக்கருக்கு மரியாதை போய்விட்டது. அடுப்படியில் அது கத்தினால் போதும், எங்கள் நாலு வயது மகள் ரீனா, "அம்மா, ஃபவுல்!" என்று கையைத் தூக்குவாள். காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்று இரண்டாம் தடவை வாயைத் திறந்தால் எனக்கு மஞ்சள் அட்டை நீளும். சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் அவளுக்கு அது வேடிக்கை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கல்லூரியில் படிக்கும்போது அவள் கால்பந்து டீமின் முன்வரிசையில் ஆடியவள். அவள் பந்தோடு கோலுக்கு முன்னாலுள்ள பாக்ஸுக்குள் நுழைந்தால் எதிர்க் கீப்பர் ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிடுவாள் என்று அவளுடைய தோழிகள் சொல்வார்கள். கல்லூரி முடிந்ததும் ஆட்டமும் முடிந்தது. படித்து முடித்த பெண்ணுக்கு ஆட எங்கள் ஊரில் டீம் எங்கே இருக்கிறது? கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்றவளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஏழு வருடமாக அவளுடைய பூட்ஸ் பரணில் கிடந்தது. டிவியில் மேட்ச் ஓடும்போது அவளுடைய வலது கால் மட்டும் தரையில் தானாக உதைத்துக்கொண்டிருக்கும். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன்.

நடுவர் ஆவதற்கு வகுப்பு நடத்துகிறார்கள் என்று போன வருடம் கேள்விப்பட்டாள். "நான் போறேன்" என்றாள்.

"ஆடுனாலாவது ஒரு பக்கத்து ஆளுகதான் திட்டுவாங்க. ஊதுனா ரெண்டு பக்கமும் திட்டுவாங்க. இது தேவையா?" என்று கேட்டேன்.

"கிரவுண்டுக்குள்ள போறதுக்கு எனக்கு வேற வழி என்னங்க இருக்கு?"

மறுநாள் விண்ணப்பத்தை நானே வாங்கி வந்தேன்.

எழுத்துத் தேர்வு, ஓட்டத் தேர்வு எல்லாம் தேறினாள். விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது என் வேலை என்பதால் ஆப்சைடிலிருந்து, நடுவரே பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடர வைக்கும் டிராப் பால் வரை எனக்கும் மனப்பாடம். மிச்சமிருந்தது ஒன்றுதான். ஒரு பள்ளிக்கூட மேட்சில் அவள் தனியாக ஊத வேண்டும். மூத்த நடுவர் கிதர் முகம்மது உட்கார்ந்து பார்த்துவிட்டு, 'மேட்சுக்கு அனுப்பலாம்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த வருடம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். அவர் பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்பவர். ஓட்டை விழுந்த தோலைத் தூரத்தில் பார்த்தே தள்ளிவிடுவார், நடுவர்களையும் அப்படித்தான் என்று நடுவர் வகுப்பில் அவளோடு படித்தவர்கள் பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை மாலை மேட்ச். மாணவிகள் ஆட்டம். நீலச் சட்டையில் டவுன் கான்வென்ட், மஞ்சள் சட்டையில் வேடசந்தூர் பக்கத்து அரசுப் பள்ளி. நான் அந்தப் பக்கத்து நூல்மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர். மஞ்சள் சட்டைப் பிள்ளைகளில் நாலைந்து பேர் எங்கள் மில் ஆட்களின் பெண்கள். எட்டாம் நம்பர், என் ஷிப்டில் வேலை செய்யும் ஒச்சம்மாளின் மகள். எனவே நான் எந்தப் பக்கம் என்பதை வெளியே சொல்லாமல், ரீனாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றேன்.

கறுப்புச் சட்டையில் வினோலியா வந்தபோது எனக்கே அவளை அடையாளம் தெரியவில்லை. முகத்தில் அப்படி ஒரு விறைப்பு. "பொம்பளை ரெஃப்ரியா? வீட்டுல ஊதுறது பத்தலையாக்கும்" என்று பின்னால் யாரோ சொன்னார். திரும்பி முறைத்தேன். முதல் பாதி நன்றாகவே போயிற்று. கான்வென்ட் ஒரு கோல் போட்டது. தேவையான இடத்தில் ஊதினாள், தேவையில்லாத இடத்தில் ஆட்டத்தை ஓட விட்டாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிதர் முகம்மது ஒரு தடவை தலையாட்டியதைக்கூடப் பார்த்தேன். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

இரண்டாம் பாதியில்தான் வினை வந்தது. மஞ்சள் டீமுக்குக் கார்னர். வந்த பந்தை ஒரு நீலச் சட்டைப் பெண் பாக்ஸுக்குள்ளிருந்து தலையால் முட்டி வெளியே தள்ளினாள். பந்து ஒரு குத்துக் குத்தி, பாக்ஸுக்கு வெளியே நின்ற வினோலியாவை நோக்கி வந்தது. நடுவர் என்ன செய்ய வேண்டும்? விலக வேண்டும். வினோலியா விலகவில்லை. இடது காலை ஊன்றினாள். வலது கால் சுழன்றது. பந்து அத்தனை தலைகளுக்கும் மேலே பறந்து நீல டீமின் கோலுக்குள் வலது மேல் மூலையில் வலையைக் கிழிப்பதுபோல் இறங்கியது.

அவளுடைய இரண்டு கைகளும் பாதி உயர்ந்திருந்தன. அந்த நொடியில் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. பிறகு அவள் தன் கறுப்புச் சட்டையைக் குனிந்து பார்த்தாள்.

"அம்மா கோல் போட்டுட்டாங்க!" என்று என் தோளிலிருந்து ரீனா கத்தினாள்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஐஸ் வண்டிக்காரர் மணியை அடித்துக் கொண்டாடினார். என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை. பழக்கதோஷம் பாழாய்ப் போக. இத்தனை மாதப் பாடும் போயிற்றே!

வினோலியா விசிலை ஊதினாள். அரசுப் பள்ளியின் பி.டி. சார் கண்ணன் கோட்டோரத்திலிருந்து பாய்ந்து உள்ளே வந்தார்.

"கோல் குடுங்க மேடம்! ரெஃப்ரி மேல பட்டு உள்ள போனா கோல்தான். கோல் போஸ்ட்டும் ரெஃப்ரியும் ஒண்ணு!"

"அது பழைய ரூல் சார். இப்ப டிராப் பால்தான். பந்து பாக்ஸுக்குள்ளருந்து வந்ததால கீப்பருக்குப் போகும்."

"பட்டாத்தானே டிராப் பாலு? நீங்க அடிச்சீங்க மேடம்! அம்புட்டுப் பேரும் பாத்தாங்க!"

"ஆமா சார், அடிச்சேன். என் தப்புதான்" என்றாள் வினோலியா. குரல் தாழவில்லை. "அதுக்குக் கோலும் குடுத்தா அது ரெண்டாவது தப்பு. நீங்க கோட்டுக்கு வெளியே போங்க."

தப்பை ஒப்புக்கொண்டவளிடம் எவ்வளவு நேரம்தான் சண்டை போடுவது? முணுமுணுத்துக்கொண்டே போனார். உண்மையைச் சொன்னால், அந்த நேரம் நானும் கண்ணன் சார் பக்கம்தான். எட்டாம் நம்பர் பிள்ளை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்க்கச் சகிக்கவில்லை. திங்கட்கிழமை ஒச்சம்மாள் என்னைச் சும்மா விடமாட்டாள். கிதர் முகம்மதைப் பார்த்தேன். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை, தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பந்து அவள் பக்கம் போனாலே போதும், "மேடம், அடிங்க!", "அக்காவுக்குப் பாஸ் குடுங்கடி!" என்று ஒரே கூச்சல். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வேறு யாராவது என்றால் பந்தை விட்டு எட்டவே நின்றிருப்பார்கள். அவள் முன்புபோலவே பந்துக்குப் பக்கத்திலேயே ஓடினாள். அதில் எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆட்டம் முடியப் போகும் நேரம். மறுபடி அதே பாக்ஸ். நீலச் சட்டைக்காரி ஒருத்தி பந்தை அவசரமாக உதைத்து வெளியே தள்ளினாள். அது தரையோடு தரையாக, நேரே வினோலியாவின் வலது காலுக்கு வந்தது. முதல் பந்தைவிட லட்டு மாதிரியான பந்து. "அடி, அடி!" என்று கூட்டம் அலறியது. அவளுடைய வலது தோள் தாழ்ந்ததை நான் பார்த்தேன். என் கால் தரையில் தானாக அசைந்தது.

வினோலியா துள்ளினாள். இரண்டு கால்களையும் அகட்டி மேலே எழும்பினாள். பந்து அடியில் புகுந்து போயிற்று. பின்னால் ஓடி வந்த எட்டாம் நம்பர் அதை நிறுத்தாமல் அடித்தாள். கோல்!

மஞ்சள் சட்டைகள் எல்லாம் எட்டாம் நம்பர் மேல் விழுந்து புரண்டன. கண்ணன் சார் யாரையோ கட்டிப்பிடித்துக் குதித்தார். வினோலியாவை யாரும் பார்க்கவில்லை. அவள் நடுக்கோட்டைக் கையால் காட்டியபடி ஓடினாள், உதட்டைக் கடித்துக்கொண்டு. அவள் அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஆளுக்கொரு கோலோடு ஆட்டம் முடிந்தது.

கிதர் முகம்மது அவளைக் கூப்பிட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

"இத்தன வருசமா ஊதுறேன். இப்படி ஒரு கோல் நான் பாத்ததே இல்லம்மா."

வினோலியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடுத்த சனிக்கிழமை நெய்க்காரப்பட்டியில மேட்ச் இருக்கு, வந்துரு. வரும்போது அந்த வலது காலை மட்டும் வீட்டுல வச்சிட்டு வா."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது, தேறிவிட்டாள். நான் குதித்த குதியில் தோளிலிருந்த ரீனா என் தலைமுடியைப் பிடித்துத் தொங்கினாள்.

வீட்டுக்குப் போகும்போது ரீனா பைக்கில் முன்னால் உட்கார்ந்து, அம்மா கோல், அம்மா கோல் என்று பாடிக்கொண்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டிய பிறகு பின்னாலிருந்து வினோலியா கூப்பிட்டாள்.

"ஏங்க."

"சொல்லு."

"நல்லா அடிச்சேன்ல?"

எப்போதும் கேலிக்குத் தயாராக இருக்கும் எனக்கு அன்று கேலி வரவில்லை.

"மேல் மூலை. கீப்பர் அசையக்கூட இல்ல வினோ."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு நெற்றியை என் முதுகில் சாய்த்துக்கொண்டாள். சட்டை நனைவது தெரிந்தது. நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன்.