எட்டின் இரண்டாவது வளைவு

ஸ்கூட்டர் லைசென்ஸ் தேர்வில் இரண்டாவது முறையும் காலை ஊன்றித் தோற்ற அம்மா, அதற்குக் காரணமானவர்களை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே வந்தாள். வெயில். காற்று. இன்ஸ்பெக்டரின் மூஞ்சி. கடைசியாக, எப்போதும்போல, தன் நேரம்.

"நேரம் என்ன பண்ணுச்சு? அதுவா வந்து காலை ஊனுச்சு?" என்று வெடித்தாள் மகள். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். தலையெழுத்து என்று யாராவது ஆரம்பித்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதை நம்பியிருந்தால் தானும் பத்தாவதோடு அடுப்படிக்குப் போயிருப்போம் என்பது அவள் கட்சி.

மூன்றாவது முறையும் விட்டால் போச்சு. சலவைக் கடைக்காரர், தேய்த்த துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை அம்மாவுக்காகத்தான் நிறுத்தி வைத்திருந்தார். அடுத்த வாரமும் லைசென்ஸ் இல்லையென்றால் வேறு ஆள்.

மறுநாள் காலை, காலி மைதானத்தில் மகள் சுண்ணாம்புப் பொடியால் பெரிய எட்டு ஒன்று போட்டாள். வழக்கம்போல வண்டிக்குப் பின்னாலேயே ஓடிக் கத்தினாள். "திருப்பும்மா! இன்னும் திருப்பு!" முதல் வளைவு தேறியது. இரண்டாவதில் வண்டி கோட்டைத் தாண்டிப்போய் நின்றது.

"நீ கத்துறதுலதான் வண்டி மிரளுது" என்றாள் அம்மா.

"ஆமா, அது குதிர பாரு!"

ஓடியதில் மகளுக்கு மூச்சு வாங்கியது. இனி முடியாதென்று அந்த இரண்டாவது வளைவுக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஓட்டும்போது அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தாள். வளைவு வந்ததும் அம்மா இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டாள்.

"அடிப்பாவி அம்மா! கண்ண மூடிக்கிட்டா ஓட்டுற?"

"பயமா இருக்குடி. அந்த எடத்துல மட்டும் வண்டிகிட்டயே விட்டுடுவேன். நடக்கறது நடக்கட்டும்னு."

மகளுக்கு வாய் நிறைய வசவு வந்தது. ஆனால் இத்தனை நாளும் பின்னால் ஓடி, ஒரு முதுகுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது யார்? அதை நினைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது.

"சரி, என் மூஞ்சியவே பாரு. நான் போற பக்கம் உன் கண்ணும் வரணும்" என்று வளைவின் உட்பக்கமாக நடந்தாள் மகள். வண்டி கோட்டுக்குள்ளேயே திரும்பியது.

தேர்வில் அம்மா தேறினாள். வெளியே வந்ததும் சித்திக்கு போன் போட்டு, "நேரம் கூடி வந்துச்சுடி" என்றாள். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள்.

சலவைக் கடைக்குப் போகும் வழியில் வண்டி ஒரு பள்ளத்தில் தொப்பென்று இறங்கி ஏறியது.

"ரோடு போட்டவன்..." என்று ஆரம்பித்த அம்மா பாதியில் நிறுத்தினாள். "இல்ல, நான்தான் பாக்கல. வாயடிச்சுக்கிட்டே வந்துட்டேன். அடுத்தத பாத்துக்கறேன், கெட்டியாப் புடிச்சுக்க."

மகளுக்கு இடுப்பு விண்ணென்று வலித்தது. அம்மாவின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, பரம சுகமாக உட்கார்ந்திருந்தாள்.