தெருவுக்கு இறங்கிய சாம்பா

எங்கள் லாபா வட்டாரத்தில், டிராம் பாலத்துக்குப் பின்னாலிருக்கும் அந்தப் பழைய மாடிக் கட்டடம் ஒரு காலத்தில் மருந்துக் கிடங்கு. எவால்டோ அதை வாடகைக்குப் பிடித்து உணவகம் நடத்தினார். சனிக்கிழமை மதியம் கீழே சாப்பாடு, கறுப்பு பீன்ஸும் பன்றிக்கறியும்; மாடியில் சாம்பா பாட்டும் ஆட்டமும். பாடுகிறவள் ஜாண்டிரா. ஐம்பதைத் தாண்டியவள், வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள்.

"யோவ் எவால்டோ, மேடைக்கு முன்னாடி பலகை தொய்யுதுய்யா. தச்சனைக் கூட்டிட்டு வந்து காட்டு" என்று அவள் பலமுறை சொல்லிவிட்டாள்.

"ராஜா காலத்துக் கட்டடம்மா இது. உன்னையும் என்னையும் புதைச்சிட்டுத்தான் விழும்" என்பார் அவர்.

கார்னிவல் திருவிழாவுக்கு முந்தைய சனிக்கிழமை மாடியில் நிற்க இடமில்லை. எல்லாரும் ஒரே தாளத்துக்குக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஜாண்டிராவின் காலடியில் பலகைத் தரை தொய்ந்து இறங்கியது. இறங்கியது திரும்ப மேலே வரவில்லை. மைக் ஸ்டாண்டு முன்பக்கம் சாய்ந்தது.

பாட்டை நிறுத்தாமலே யோசித்தாள். இருப்பது ஒரே படிக்கட்டு, அதுவும் குறுகல். கத்தினால் படியிலேயே மிதிபட்டுச் சாவார்கள்.

மேளக்காரர்களைப் பார்த்து உள்ளங்கையைத் தாழ்த்தினாள். தாளம் தணிந்தது. நடை போடுகிற மாதிரி மெதுவான ஒரு பழைய பாட்டை எடுத்தாள். பக்கத்தில் சின்ன கிதார் வாசித்துக்கொண்டிருந்த ஓஸ்மாரின் காதருகே குனிந்தாள்.

"வாசிச்சுக்கிட்டே படியிறங்கு. நிக்காதே. சிரிச்ச முகமா போ."

"ஏன், என்னாச்சு?"

"இறங்குன்னா இறங்குடா."

பிறகு கூட்டத்திடம், "இந்த வெக்கையில உள்ள என்ன வேலை? தெருவுக்குப் போவோம் வாங்க! ஓடுறவங்களுக்கு பீர் கிடையாது!" என்றாள்.

சிரித்தார்கள். ஓஸ்மாருக்குப் பின்னால் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி, பாடிக்கொண்டே இறங்கினார்கள். கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும், கரண்டியோடு சமையல்காரர்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

எதிர்த்திசையில் இடித்துக்கொண்டு மேலே வந்தார் எவால்டோ.

"என் கூட்டத்தை எங்கம்மா ஓட்டிட்டுப் போற?"

"தரை போகுதுய்யா. வா."

"இந்த ஸ்பீக்கரை யாரு உன் அப்பனா தூக்குவான்?"

சட்டையைப் பிடித்து இழுத்தாள். உதறினார். அவள் தனியாக இறங்கினாள்.

தெருவில் இரண்டாவது சரணம் தொடங்கியபோது உள்ளே சத்தம் கேட்டது. லாரியிலிருந்து மரப்பலகை கொட்டுவது போன்ற சத்தம், அவ்வளவுதான். ஜன்னல்கள் வழியே புழுதி வந்தது. பாட்டு நின்றது.

தீயணைப்புக்காரர்கள் எவால்டோவை உயிரோடு எடுத்தார்கள். தொடை எலும்பும் விலாவும் முறிந்திருந்தன. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

அவள் மருத்துவமனைக்குப் பார்க்கப் போனபோது அவர் கேட்டார்: "கொஞ்சம் பலமா இழுத்திருக்கலாம்ல?"

"இழுத்திருக்கலாம்" என்றாள் ஜாண்டிரா. அதைத்தான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நகராட்சி கட்டடத்துக்குப் பூட்டுப் போட்டது. மழைக்காலம் முடிந்ததும் எவால்டோ கைத்தடியோடு துறைமுகப் பக்கம் வேறொரு பழைய வீடு பார்த்துவிட்டு வந்து அவளை அங்கே பாடக் கூப்பிட்டார்.

"மாடியா?"

"தரைத்தளம்தான்மா. சத்தியமா."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். இன்னும் சொல்லவில்லை.