காற்றை அளக்க வந்தவள்

தலைநகர் ஸ்கோப்யேயிலிருந்து காற்றை அளக்க ஆள் வருகிற அன்றைக்குத்தானா ஊரே டயரைக் கொளுத்த வேண்டும்? வெலிகாவுக்கு வயிறு எரிந்தது. மார்ச் மாதமே வெயில் காய்ந்ததில் தக்காளிச் செடிகள் முன்கூட்டியே பூத்துத் தொலைத்தன. ஏப்ரலில் திடீரென்று உறைபனி. பசுமைக்குடில்களைச் சுற்றிப் பழைய டயர்களை எரித்துப் பனியை விரட்டுவது இந்தப் பள்ளத்தாக்கின் பழக்கம். விடிந்து இரண்டு மணி நேரமாகியும் கரும்புகை கலையவில்லை.

"ஏன்யா, ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?" என்று கணவன் மித்ரேயின் மேல் பாய்ந்தாள்.

"பனி பொறுக்குமாடி? நாலு டயரை உருட்டிக்கிட்டு வந்தது யாரு?"

அவள்தான் உருட்டி வந்தாள். அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது.

ஆற்றுக்கு அக்கரையில் நிலக்கரி எரிக்கும் ஆலை. அதன் புகைபோக்கி கக்குகிற கரி குடில்களின் பிளாஸ்டிக் மேல் அப்பிக்கொள்ளும். உள்ளே வெளிச்சம் இறங்காமல் செடிகள் சோகை பிடித்தது போல ஒல்லியாக நீளும், பூ நிற்காமல் உதிரும். மூன்று வருடம் மனு மேல் மனுவாகப் போட்டு இன்றைக்குத்தான் ஒருத்தி வருகிறாள். அவளுக்குக் காட்டவே வெலிகா ஒரே பாக்கெட் விதையை ஒரே நாளில் இரண்டு தொட்டிகளில் போட்டிருந்தாள். ஒன்று தன் குடிலில், இன்னொன்று புகை எட்டாத மலையூரில், தங்கை வீட்டுக் குடிலில். அதை நேற்றே இறக்கிக் கொண்டுவந்திருந்தாள்.

அதிகாரி மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டே காரைவிட்டு இறங்கி, கருவியை நட்டுவைத்து, அதில் ஓடிய எண்ணைப் பார்த்தாள்.

"டயர்தான்" என்றாள்.

"இன்னிக்கு டயர். நேத்து? முந்தாநாளு?"

"நேத்து நான் வரலையேம்மா."

"நல்ல நாள் பார்த்துத்தான் வந்திருக்கீங்க" என்றார் பக்கத்துக் குடில்காரர் பிளாகோய். யாரும் சிரிக்கவில்லை.

வெலிகா இரண்டு தொட்டிகளையும் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தாள். மலைச் செடி தண்டு பருத்து, கரும்பச்சையாக நின்றது. இவளுடையது வெளிறிப்போய்க் குச்சியில் சாய்ந்துகிடந்தது.

"மலையில குளிர், இங்க சூடு. அதனால இருக்கலாம்" என்றாள் அதிகாரி.

"குளிர்ல வளந்ததுதான் மேடம் கொழுத்து நிக்குது! வெளிச்சம் இல்லாம வெறும் சூட்டை வச்சுக்கிட்டு செடி என்ன பண்ணும்?"

அதிகாரி 'காரணம்: விவசாயிகள் டயர் எரித்தது' என்று எழுதி, கையெழுத்துக்குத் தாளை நீட்டினாள்.

"ஆமா, நான்தான் எரிச்சேன். எரிக்கலேன்னா ஒரு செடி மிஞ்சாது. அதை எழுதுங்க. அதுக்குக் கீழ அந்தப் புகைபோக்கியையும் எழுதுங்க."

"எந்தப் புகைபோக்கி?"

வெலிகா கையை நீட்டினாள். நீட்டிய திசையில் டயர்ப் புகை மட்டும்தான் இருந்தது. அவ்வளவு உயரமான புகைபோக்கி அடியோடு மறைந்துபோயிருந்தது. அவளுக்குத் தன் தலையிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதிகாரி கருவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு காரில் ஏறினாள். வெலிகா ஓடிப்போய் முன்னால் நின்று, வெள்ளைக் காரின் மூக்கில் இரண்டு கைகளையும் ஊன்றினாள். உள்ளங்கைக் கரி அப்படியே பதிந்தது.

"இந்தப் புகை கலையுற வரைக்கும் இருந்து பார்த்துட்டுப் போங்க!"

ஹாரன் அலறியது. அவள் அசையவில்லை.

"வெலிகா, விடு" என்றபடி வந்த மித்ரே, கண்ணாடிக்குப் பின்னால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த அதிகாரியைப் பார்த்தான். பிறகு தன் கறுத்த கைகளையும் மனைவியின் கைகளுக்குப் பக்கத்தில் ஊன்றினான்.