மரியதாசனின் அமைதி

மகன் ஜெறோம் குண்டுவீச்சில் இறந்த செய்தி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பிறகு மரியதாசனுக்குத் தூக்கமே இல்லாமற் போயிற்று. லண்டனுக்குக் கூப்பிட விசா வரட்டும் என்று சித்தியோடு விட்டு வந்த பிள்ளை. பஸ் ஓட்டும் வேலை மரியதாசனுக்கு. ஒருநாள் ஸ்ட்ரெதம் தெருவில் பஸ்ஸை நடுவழியில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலை கவிழ்த்துத் தேம்பினார். அதோடு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பங்குச் சாமியார்தான் மௌனத் தியானத்துக்குப் போகச் சொன்னார். லண்டனுக்கு வெளியே கென்ற் பக்கம் ஒரு கன்னியாஸ்திரி மடம். அங்கே பேச்சுக் கிடையாது. செபம், மூச்சைக் கவனித்தல், மறுபடி செபம். போய்வந்த மனிதர் தூங்கினார். பிறகு விடாமல் போய்வந்தார். அடுத்த வருடம் மறுபடி பஸ் ஓட்டினார். மனைவி டொலறஸ் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள்.

ஆனால் ஜெறோமின் பிறந்தநாளன்று அவள் குசினியில் நின்று அழுதபோது, அவர் தோளைத் தடவித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு அப்பால் போனார். கண் கலங்கவில்லை. அது அவளைச் சுட்டது.

தொண்ணூற்றைந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் தியானம் செய்பவர்களின் மூளையை ஆராய்ந்தார்கள். மரியதாசன் சம்மதித்தார். டொலறஸும் கூடப் போனாள். அவர் தலையெங்கும் பசை பூசி வயர்களை ஒட்டினார்கள். ஓடும் காகிதத்தில் பேனாக்கள் கோடு கீறின. மனம் கலங்கினால் கோடுகள் துள்ளும் என்று சொல்லி, மனதை வருத்தும் ஒன்றை நினைக்கும்படி டாக்டர் கேட்டாள். அவர் கண்ணை மூடினார். டொலறஸ் கோடுகளையே பார்த்திருந்தாள். அவை முன்போலவே மெல்ல அலைந்து போயின.

"அபூர்வமான அமைதி," என்று டாக்டர் மகிழ்ந்துபோனாள்.

வெளியே பஸ் தரிப்பில் டொலறஸ் கேட்டாள்: "அவனைத்தானே நினைச்சனீங்கள்?"

"ஓம்."

"பிறகேன் ஒண்டும் அசையேல்லை? எங்கட பிள்ளையப்பா அவன்!"

"நாங்கள் வெளிக்கிட்ட அண்டைக்கு 'அப்பா, அப்பா' எண்டு கத்திக்கொண்டு பின்னாலை ஓடி வந்தவனெல்லே? இரவு பகலா அந்தச் சத்தம்தான் கேட்டுது எனக்கு. அதை நிப்பாட்டத்தான் மடத்துக்குப் போனனான். இப்ப கேக்கவேணும் எண்டு நினைச்சாலும் கேக்குதில்லை."

"அப்ப இனிப் போகாதையுங்கோ."

"ஏலாது, டொலறஸ். மடத்துக்குப் போக முந்தி ஒருநாள் தண்டவாளத்துக்குக் கிட்டப் போய் நிண்டனான். உமக்குச் சொல்லேல்லை."

டொலறஸின் கோபம் வடிந்து போயிற்று. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வரும்வரை விடவில்லை.

அடுத்த முறை அவர் மடத்துக்குப் புறப்பட்டபோது சட்டைகளை அவளே மடித்து வைத்தாள்.

"உமக்காகவும் செபிக்கிறன். உமக்கும் கொஞ்சம் ஆறட்டும்," என்றார் அவர்.

"எனக்கு வேண்டாம். எனக்கு அவன்ரை சத்தம் இன்னும் கேக்குது. அது இருக்கட்டும்."

அவர் தலையசைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். டொலறஸ் கதவைச் சாத்தினாள். ஜெறோமின் பெயரைச் சொல்லி, வாய்விட்டு அழுதாள்.