சஹனுக்கு ஆறு துண்டு

அம்மா, நான் சுதேஷ். வயசு பத்தொம்பது. கண்டி, கட்டுகஸ்தோட்டையில முதலாளி வீட்டு குசினிக்குப் பின்னால நிக்கிறேன். இது கூட வேலை செய்ற ரிஸ்கான் நானாட போன், இங்க அண்ணனை நானான்னுதான் சொல்றாங்க. அதான் பேரு ஊரெல்லாம் சொல்றேன், இல்லாட்டி லொத்தர்ல பரிசு விழுந்திருக்குன்னு சொல்ற ஆளுன்னு அழிச்சிருவீங்க. நான் பேசப் பேச போனே எழுதுது.

கல்யாணச் சமையல் வேலைதான்னு தெரியுமே. இந்த வாரம் பாத்துட்டுத்தான் நிரந்தரமா வச்சுக்குவாராம். சரிவரலன்னா கலஹா பஸ்ல ஏறி ஊருக்கே போயிருன்னு ஸெய்னுலாப்தீன் முதலாளி வந்த அன்னைக்கே சொல்லிட்டாரு.

இன்னைக்கு ஒரு முஸ்லிம் கல்யாணம். முதலாளி ரெண்டு ட்ரே வட்டிலப்பத்த, அதான் அந்தக் கருப்பட்டி முட்டைப் புட்டிங்க, என்கிட்ட குடுத்து, "இருவது சஹன். கணக்கா வெட்டு"ன்னுட்டுப் போயிட்டாரு. சஹன்னா ஒரு ஆளு சாப்பாடுன்னு நெனச்சேன். இருவதே பேருக்கு கல்யாணமா, பாவம், சொந்தக்காரங்களோட சண்டை போலன்னு நெனச்சுக்கிட்டு ட்ரேக்குப் பத்து துண்டு போட்டேன். ஒவ்வொண்ணும் செங்கல்லு. துண்டுக்கு ஒரு தட்டு, ஒரு கரண்டி.

தூக்கிட்டு பக்கத்துல இருக்குற மண்டபத்துக்குள்ள போனா, அம்மா, நூறு பேருக்கு மேல! பெரிய பெரிய தாம்பாளத்த நடுவுல வச்சு, சுத்தி ஆறாறு பேரா ஒக்காந்து ஒரே சோத்துல கை போடுறாங்க. அந்தத் தாம்பாளத்துக்குப் பேருதான் சஹனாம்.

ஒருத்தரு கேட்டாரு, "மகன், இது வட்டிலப்பமா அத்திவாரக் கல்லா?"

பக்கத்துல இருந்தவரு, "ஒரு கரண்டி, ஆறு வாய். முறை வச்சுத் திம்பமா?"

சரின்னு அங்கயே முட்டி போட்டு வெட்ட ஆரம்பிச்சேன். நடுவுல ஒரு வெட்டு, குறுக்கால ரெண்டு, ஆறு. நல்லாத்தான் போச்சு. கடைசி சஹன்ல அஞ்சு பேருதான் இருந்தாங்க. அஞ்சா எப்புடி வெட்டுறது? கத்தியத் தூக்கிக்கிட்டு அவங்ககிட்டயே கேட்டேன்.

தாடி வச்ச ஒரு பெரிய ஆளு சொன்னாரு, "ஆறாவே வெட்டுங்க தம்பி. மிச்சத்துக்கு நான் பொறுப்பு."

வெட்டுனேன். அவரு தன் துண்டு, மிச்சத் துண்டு ரெண்டையும் வாயில போட்டாரு. அந்த நேரம் பாத்து ஆறாவது ஆளு கையக் கழுவிட்டு வந்து, "என்ட பங்கு எங்க?"ங்கிறாரு. அவரு மாப்பிள்ளையோட தாய்மாமன்! தாடிக்காரரு வாயத் தொறக்க முடியாம என்னையக் கைகாட்டுறாரு. மாமன் கோவிச்சுக்கிட்டு செருப்புத் தேடப் போயிட்டாரு. ரிஸ்கான் நானா ஓடிப்போய் ட்ரேய வழிச்சுக் குடுத்துத்தான் திருப்பிக் கூட்டிட்டு வந்தாரு.

முதலாளி என்னைய குசினிக்கு இழுத்துட்டு வந்தாரு. "சஹனுக்கு ஆறு பேரெண்டு கூடத் தெரியாதாடா?"

"எங்க தோட்டத்து லயத்துல ஆளுக்கொரு வாழையிலைங்க முதலாளி."

சிரிப்ப அடக்குனாரு, அம்மா, நான் பாத்தேன். அப்புறம் மூஞ்சிய இறுக்கிக்கிட்டு, "நாளைக்குப் பகல் பதினெட்டு சஹன். ரெண்டு ட்ரே. இங்கயே சின்னதா, சமமா வெட்டி அனுப்பு. ஒரு மாமன் கோவிச்சாலும் பஸ்தான்"னாரு.

அப்பாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க, கெளம்பி வந்து முதலாளி கால்ல விழுந்திருவாரு. தங்கச்சி கிருஷாந்திய மட்டும் எழுப்புங்க, அவதான் கணக்குல கெட்டிக்காரி. ரெண்டு ட்ரே, பதினெட்டு சஹன், சஹனுக்கு ஆறு பேரு. ஒரு ட்ரேய நீளத்துல எத்தனையா, அகலத்துல எத்தனையா வெட்டணும்னு காலைக்குள்ள இந்த நம்பருக்கே அனுப்பச் சொல்லுங்க.