ஹரிஹரன் பெயரில் இருந்ததெல்லாம்

ஹரிஹரனுடைய கடைசி வேலை நாளன்று காலையிலிருந்தே எனக்கு அவன்மேல் கோபம். வேலையை விட்டுப் போகிறான் என்பதற்காக இல்லை. ஏதோ பிக்னிக் போகிறவன் மாதிரி சிரித்துக்கொண்டே போகிறானே, அதற்காக.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கிறது எங்கள் இறால் குஞ்சுப் பொரிப்பகம். சவுக்குத் தோப்பைத் தாண்டினால் வரிசையாகத் தொட்டிகள். அதற்குப் பின்னால் ஒரு ஏசி அறை. அறைக்குள் ஒரு சர்வர், அவன், நான். தலைமை அலுவலகம் கிண்டியில். கடல் காற்று கொஞ்சம் வேகமெடுத்தால் இங்கே இன்டர்நெட் செத்துவிடும். அதனால்தான் தொட்டிகளின் விவரத்தை வெளியே எங்கேயும் அனுப்பாமல், டேட்டாபேஸுக்கு உள்ளேயே உட்கார்ந்து கணக்குப் போடுகிற ஒரு அனலிடிக்ஸ் மென்பொருளை வாங்கியிருந்தார்கள். தண்ணீரின் சூடு, உப்பு, ஆக்சிஜன், அம்மோனியா என்று சென்சார்கள் கொண்டுவந்து கொட்டுவதை அது அங்கேயே படித்து, எந்தத் தொட்டி கெடப்போகிறது என்று முன்னாலேயே சொல்லிவிடும். தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் செங்கம்மாக்காவின் போனில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வந்து விழும். இறால் குஞ்சு கொசுவைவிடச் சின்னது. சாகும்போது சத்தம் போடாது. கண்ணுக்குத் தெரியும்போது தொட்டி முழுக்கப் போயிருக்கும்.

நான் கருங்குழி. அங்கிருந்து செங்கல்பட்டுக்கு ஒரு பஸ், செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக இன்னொரு பஸ். எங்கள் குடும்பத்தில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா தேவசகாயம் ஜல்லி லாரி ஓட்டுகிறார். 'எம்பொண்ணு டேட்டாபேஸ் அட்மின்' என்று டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார். உண்மையில் அந்த டேட்டாபேஸில் எனக்கு இருந்தது படிக்கிற உரிமை மட்டும். பார்க்கலாம், தொடக்கூடாது.

சேர்ந்த வாரமே கேட்டுவிட்டேன். "இன்னா ஹரி, எங்க போனாலும் எங்க ஆளுங்களுக்கு வெளிய நின்னு பாக்குற உரிம மட்டுந்தானா?"

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "ஐயோ, அப்படி இல்ல ஜெனி. டிரெய்னிக்கு அவ்ளோதான். ஹெட் ஆபீஸ் ரூலு."

டிரெய்னி போய் நான் நிரந்தரமும் ஆனேன். ரூல் அப்படியே இருந்தது. கேட்கும்போதெல்லாம் 'பாக்கலாம் ஜெனி' என்பான்.

ஆனால் அவனை வெறுக்கவும் முடியாது. கூடுவாஞ்சேரியிலிருந்து வருவான். அவன் அம்மா சம்பூர்ணம் என் பங்கும் சேர்த்துச் சோறு கட்டி அனுப்புவார். முதல் நாள் எனக்கு வந்த டப்பா தனியாக இருந்தது. மூடியில் சிவப்பு நெயில்பாலிஷ் பொட்டு. நான் அதைத் திறக்காமலே கேட்டேன்: "இது கலந்துடக் கூடாதுன்னு வெச்ச அடையாளமா?" அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சிவப்புப் பொட்டு டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவனுடைய டப்பாவை என் பக்கம் தள்ளினான். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். அந்த அம்மாவுக்கு இது தெரியுமா என்று நான் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவன்தான் ஹைதராபாத் போகிறான். நல்ல வேலை. இந்த மாதிரி மென்பொருளை ஊர் ஊராகப் போய் நிறுவித் தருகிற கம்பெனி. அவர்கள் இரண்டு முறை தேதியைத் தள்ளிக் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை ரிலீவிங் லெட்டரோடு வந்து நிற்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

கேக் வெட்டினோம். செங்கம்மாக்கா அவன் வாயில் ஒரு பெரிய துண்டைத் திணித்தார். "போய்ட்டு வா நைனா. அங்க எவளாவது மசிஞ்சா கூட்டியாந்து காட்டு. தொட்டித் தண்ணில கால் கழுவ வெச்சு அனுப்பறேன்."

"உன் வாய்க்கு பயந்தே வர மாட்டாக்கா."

அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். அவன் எனக்கு விட்டுப்போகிற பொறுப்பு என்னவென்று பார்க்க, டேட்டாபேஸில் எது எது யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தேன். படிக்கிற உரிமை இருந்தால் அதைப் பார்க்கலாம்.

சென்சார் விவரங்கள் கம்பெனி பெயரில் இருந்தன. சரி. ஆனால் அந்த அனலிடிக்ஸ் மென்பொருள்? அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே ஒரே பெயர். ஹரிஹரன். மணிக்கணக்கில் படித்துத் தொட்டிகளின் குணத்தைக் கற்றுக்கொண்ட மாடல்கள், அவற்றுக்கும் ஹரிஹரன். திரை முழுக்க ஹரிஹரன், ஹரிஹரன், ஏதோ பஜனை மாதிரி.

வெளியே வந்து அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். "இன்னா இது?"

அவன் கேக் மென்றுகொண்டே பார்த்தான். பிறகு மெல்லுவதை நிறுத்தினான்.

நடந்தது இதுதான். மென்பொருளோடு வந்த கையேட்டின் முதல் பக்கமே சொல்கிறது, இதற்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து அதன் பெயரில் நிறுவுங்கள் என்று. நிறுவ ஆள் வந்த அன்று, அந்தக் கணக்குக்கு என்ன பெயர் வைப்பது என்று கிண்டியில் மெயில் மேல் மெயில் போட்டுக்கொண்டிருந்தார்களாம். வந்த ஆளுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இவன் தன் கணக்கிலேயே ஏற்றச் சொல்லிவிட்டான், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று. அப்புறம் என்ன, ஓடிக்கொண்டிருப்பதை எவன் தொடுவான்?

இப்போது சிக்கல். வேலையை விடுகிறவரின் கணக்கை டேட்டாபேஸிலிருந்து நீக்கவேண்டும். நீக்கினால் அவர் பெயரில் இருப்பதெல்லாம் அவரோடு போகும்; ஏற்றியதைப் பெயர் மட்டும் மாற்றவும் அந்த மென்பொருள் விடாது. சாயங்காலம் ஹரிஹரன் போனால் தொட்டிகளின் கண்ணும் போகும்.

அவன் கிண்டிக்குப் போன் போட்டான். ஐ.டி. பார்க்கும் கேசவன் சார். ஸ்பீக்கரில் போட்டான்.

"கணக்கை எடுக்காம லெட்டர் வராதுப்பா. சிஸ்டமே விடாது. அடுத்த வாரம் பாத்துக்கலாமா?"

"திங்கக்கிழம ஜாயினிங் சார்."

"அப்ப இன்னிக்கு எடுத்துத்தான் ஆவணும்."

அவன் போனை வைத்தான். பிறகு சொன்னான்: "நான் இருந்துடறேன் ஜெனி. குஞ்சுங்க செத்துடும்."

நிஜத்தைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கு அது இனித்தது. நான் ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும், அவன் போகமாட்டான். நாளைக்கும் சோறு வரும். நாளைக்கும் எனக்குப் படிக்கிற உரிமை மட்டும் இருக்கும்.

"மூடு," என்றேன். "தனிக் கணக்கு தொறந்து புதுசா ஏத்தலாம். மாடலுங்களுக்கு மறுபடி சொல்லிக் குடுக்கலாம். பழைய விவரமெல்லாம் உள்ளயேதான கீது? எங்கயும் கொண்டுபோய் கொண்டுவர வேண்டியதில்ல."

"சரி, நான் ஏத்தறேன்."

"நீ ஏத்துனா? தப்பித் தவறி ஒண்ணு உம்பேர்ல மாட்டிக்கினா? சாயங்காலம் உன் கணக்க எடுக்கும்போது உள்ள யார் இருப்பா? எனக்கு அட்மின் உரிமயக் குடு."

அவன் தலையைச் சொறிந்தான். 'பாக்கலாம் ஜெனி'க்கு முன்னால் வருகிற அந்தச் சொறிதலை ஒரு வருஷமாகப் பார்க்கிறேன்.

"இன்னா தயக்கம்? நம்பிக்க இல்லியா?"

"அதில்ல ஜெனி. இங்க ஏதாவது ஒண்ணு தப்பாச்சுன்னா என்ன திட்டிட்டு விட்டுடுவாங்க. உன்ன விடமாட்டாங்க. உன் தலையில கட்டி வெளிய அனுப்பிடுவாங்க. அதனாலதான் தரல."

இத்தனை நாள் இதை வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அத முடிவு பண்றதுக்கு நீ யாரு? தப்பு பண்ற உரிமகூட நீ பாத்து குடுக்கணுமா? குடுறா."

'டா' போட்டு அவனிடம் அதுவரை பேசியதில்லை. அவன் உட்கார்ந்து உரிமையைக் கொடுத்தான். கிண்டிக்கும் போன் போட்டுச் சொன்னான்.

"அந்தப் பொண்ணுக்கா?" என்றார் கேசவன் சார். "சரி, உன் பொறுப்பு."

நான் போன் பக்கம் குனிந்தேன். "அவர்தான் போறாரே சார். எம் பொறுப்பு."

அவன் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். ஒரு மனுஷனுக்கும் சொந்தமில்லாத கணக்கு ஒன்றைத் திறந்தேன். பெயர் 'தொட்டி'. கிண்டிக்காரர்கள் மெயில் போட்டுக்கொண்டே இருக்கட்டும். அதற்கு இடம் ஒதுக்கினேன், தேவையான உரிமைகளைக் கொடுத்தேன். நிறுவ ஆரம்பித்ததும் நடுவழியில் நின்று சிவப்பாக ஒரு வரி வந்தது. ஹரியின் கை கீபோர்டுக்கு வந்தது. அந்தக் கையில் ஓர் அடி வைத்தேன்.

"கைய எடு."

"உள்ள புரோகிராம் உருவாக்குற உரிம குடுக்கல நீ."

"தெரியுது. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும்."

கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். இந்த முறை கடைசி வரைக்கும் போயிற்று. டேட்டாபேஸை ஒரு தரம் நிறுத்தித் திரும்பக் கிளப்பவேண்டியிருந்தது. உடனே கதவைத் தள்ளிக்கொண்டு செங்கம்மாக்கா.

"இன்னாமே, போன்ல ஒரு கலரும் காணோம்? கேக்க துன்னுட்டு மிசின தூங்க வெச்சிட்டீங்களா?"

"கொஞ்ச நேரம் கை மீட்டர் வெச்சு பாத்துக்கக்கா."

"நல்லா கீது! வெயில்ல தொட்டி தொட்டியா குனிஞ்சினு நிக்க நானு. உள்ள ஜில்லுனு நீங்க." போகிற போக்கில் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அந்த சீட்ல உனக்கு நல்லாத்தான் கீது."

மாடல்கள் திரும்பக் கற்றுக்கொள்ள மதியம் முழுக்கப் பிடித்தது. சாப்பிட்டோம். புளிசோறு, உருளைக்கிழங்கு வறுவல். சிவப்புப் பொட்டு டப்பாவில் அவன், அவன் டப்பாவில் நான். வெளியே காற்று ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டும் ஒரே நிறம் சொல்லவேண்டும். முதல் தொட்டி பச்சை, இங்கேயும் பச்சை. அடுத்தது மஞ்சள், மஞ்சள். வந்துகொண்டே இருந்து வரிசையின் கடைசியில், கோடித் தொட்டியில் நின்றது. பழையது பச்சை என்றது. புதியது வாயே திறக்கவில்லை.

ஏற்றியதைத் திரும்பப் பார்த்தேன். மாடலைப் பார்த்தேன். எல்லாம் சரி. ஹரி பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவன் மூச்சு விடுவதிலேயே தெரிந்தது. ஆனால் கையை நீட்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"சிரிக்கிறியா?"

"இல்ல."

"சிரிக்கிற."

"அந்தத் தொட்டி அப்புறமா கட்டுனது ஜெனி. அதோட விவரம் தனியா கீது."

பார்த்தேன். தனியாகத்தான் இருந்தது. 'தொட்டி' கணக்குக்கு உருவாக்கும் உரிமை, ஓட்டும் உரிமை, எழுதும் உரிமை எல்லாம் வாரி வழங்கியிருந்த நான், அந்த ஒரே ஒரு இடத்தைப் படிக்கிற உரிமையைக் கொடுக்க மறந்திருந்தேன். போயும் போயும் நான்.

அவன் வெடித்துச் சிரித்தான். நானும்தான். செங்கம்மாக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ரெண்டுக்கும் கழண்டுகிச்சு" என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

உரிமையைக் கொடுத்ததும் கோடித் தொட்டி பச்சை என்றது. பழையது போனதும் செங்கம்மாக்காவின் போன் புதியதிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி மாற்றி வைத்தேன்.

ஒரு வேலை பாக்கி. வேலை இடத்திலேயே அட்மின் இருந்தால் கணக்கை நீக்குவது அவர் வேலை என்பது கேசவன் சார் சொன்ன விதி. ஹரி தன் இணைப்பிலிருந்து வெளியே வந்தான். ஒரு வருஷமாகக் கேட்டு, சண்டை போட்டு வாங்கிய உரிமையில் நான் உருப்படியாகச் செய்யப்போகும் அடுத்த காரியம் இவனை அழிப்பது. கட்டளையை எழுதி, கடைசியில் அவன் பெயரை எழுதினேன். எழுதிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"பேர்ல தப்பு இல்ல, சரியாத்தான் கீது," என்றான்.

"தெரியும்."

"அப்புறம்?"

"இரு. அவசரமா?"

அவன் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நான் என்டரைத் தட்டினேன்.

திரை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு நீக்கப்பட்டது என்றது. இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம். வெளியே செங்கம்மாக்கா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியைச் சுருக்கினார். விரலால் தேய்த்தார். பிறகு எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"வந்துச்சுமே! எல்லாக் கலரும் வந்துச்சு!"

ஸ்க்ரீன்ஷாட்டைக் கிண்டிக்கு அனுப்பினேன். இன்டர்நெட் இரண்டு தரம் செத்து, மூன்றாவது தரம் போயிற்று. நாங்கள் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவன் போனுக்கு லெட்டர் வந்தது. படித்துவிட்டு என்னிடம் நீட்டினான். நான் வாங்கிப் படித்துவிட்டு, "உன் நடத்த நல்லதுன்னு போட்டுருக்கான், ஆளு தெரியாம" என்று திருப்பிக் கொடுத்தேன்.

செங்கல்பட்டு பஸ் வருவது தெரிந்தது. அவன் பையைத் துழாவினான். "என் டப்பா உங்கிட்ட கீது. குடு, அம்மா கேக்கும்."

"தரமாட்டேன்."

"ஜெனி."

"கழுவாத டப்பாவ எப்டித் தர்றது? ஞாயித்துக்கிழம கோயில் முடிச்சுட்டு நானே உங்க வூட்டுக்குக் கொண்டாரேன். நீ கெளம்பறதுக்கு முன்னாடி."

அவன் என்னைப் பார்த்தான். சிரிப்பு காணாமல் போயிருந்தது. நானும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், தலையைச் சொறிகிறானா என்று.

சொறியவில்லை. "கறிக்கொழம்பு வெக்கச் சொல்றேன்," என்றான். "ஆனா அந்தச் செவப்புப் பொட்ட பத்தி எங்கம்மாவ கேப்பியா?"

"கேப்பேன்."

"கேளு," என்றான். "நான் இத்தினி நாளா கேக்கல."

பஸ் வந்து நின்றது. உட்கார இடம் இல்லை.